செல்சியஸும் நம் ஊர்க் கொதிநீரும்

ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் வெப்பமானியைக் கையாளுகிறோம். அதன் பாகைகளுக்குத் தம் பெயரைத் தந்து சென்ற ஆண்டர்ஸ் செல்சியஸின் வாழ்வை அறிந்தவர் நம்முள் சிலரே. அவரைப் பற்றி நான் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

செல்சியஸ் 1701-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் பிறந்தார். தந்தை வானியல் பேராசிரியர். பாட்டனார் இருவரும் பேராசிரியர்களே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோர்க்கு இது வியப்பளிக்கும். ஆனால் அவர் முன்னோர் பெருமையோடு நின்றுவிடவில்லை. 1730-இல் தாமும் வானியல் பேராசிரியரானார். 1736-இல் பிரெஞ்சு அறிஞர் மோப்பர்டுயி தலைமையில் லாப்லாந்தின் கடுங்குளிரில் நிலத்தை அளந்து, பூமி துருவங்களில் தட்டையானது என்பதை உறுதி செய்த குழுவில் பணியாற்றினார்.

அந்நாளில் வெப்பமானிகள் பலவகை அளவுகளில் இருந்தன. ஒன்று காட்டுவது மற்றொன்றோடு பொருந்தாது. பனிக்கட்டி உருகும் நிலை, நீர் கொதிக்கும் நிலை ஆகிய இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு 1742-இல் செல்சியஸ் ஓர் அளவை வகுத்தார். முதலாவது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. இரண்டாவதோ காற்றழுத்தத்திற்கேற்ப மாறுகிறது என்பதைப் பாரமானியின் துணையோடு சோதித்துக் காட்டினார். கொதிநிலையை 0 என்றும் உருகுநிலையை 100 என்றும் அவர் குறித்தார்! இவ்வரிசை பின்னரே தலைகீழாக்கப்பட்டது.

அவர் கண்ட உண்மை நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுமார் 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை 1 பாகை குறையும். ஆகவே இங்கே நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும்.

என் தாயார் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை செய்கிறார். கொதிநீரில் வைத்த வெப்பமானி 97 காட்டியதும், அம்மா அதைக் கீழே போட்டுக் கெடுத்துவிட்டார் என்று கூறி, விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ள முனைந்தார்கள். நான் சொல்லி அனுப்பியபடி, நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் ஊற்றிக் கலக்கி, முனை பாத்திரத்தைத் தொடாமல் வெப்பமானியை நடுவில் பிடித்து அம்மா காட்டினார். அது 0-வில் நின்றது. உயரக் கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். பிடித்தம் கைவிடப்பட்டது.

இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் எங்கோ குளிர்நாட்டில் ஒருவர் செய்த சோதனை, ஓசூரில் ஓர் ஏழைத் தாயின் கூலியைக் காத்தது. அறிவியலின் பயன் இதனினும் வேறு என்ன வேண்டும்?

செல்சியஸ் 1744-இல், 42 வயதிலேயே, காசநோயால் மறைந்தார். சென்டிகிரேடு என வழங்கிய பாகைக்கு 1948-இல் உலக அளவைகள் மாநாடு அவர் பெயரைச் சூட்டியது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் வெப்பமானி இருந்தால் சோதித்துப் பாருங்கள். பனிக்கட்டியில் எங்கும் 0 காட்ட வேண்டும்; கொதிநீரில் ஓசூரில் 97-ஐயும், தாழ்வான கிருஷ்ணகிரியில் 98-ஐயும் ஒட்டி நிற்க வேண்டும். கருவியையோ அதைக் கையாண்டவரையோ குறை கூறுமுன் ஊரின் உயரத்தைக் கணக்கில் கொள்வோம்.