பூமியை அளந்த வில்லியம் லாம்டன்

பட்டு நெய்யும் நம் ஆரணி மக்கள் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. பாவில் ஓர் இழை தவறினாலும் அக்குறை சேலையின் முடிவுவரை தொடரும். நிலத்தை அளப்பதும் அத்தகையதே. முதல் அளவு பிழையானால், அதன்மேல் எழும் வரைபடம் முழுவதும் பிழையாகிவிடும். இதை உணர்ந்து, நம் நாட்டை நுட்பமாக அளக்கத் தம் வாழ்நாளையே ஈந்தவர் வில்லியம் லாம்டன்.

இவர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கணிதத்தில் சிறந்து விளங்கிய இவர் படையில் சேர்ந்து அமெரிக்காவில் பணியாற்றினார். அங்கே சூரிய கிரகணத்தை நோக்கியபோது ஒரு கண்ணின் பார்வை பழுதாயிற்று. ஆயினும் மனந்தளரவில்லை. பின்னர் இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது, ஓரிரவு படை தவறான திசையில் எதிரியை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டே கண்டறிந்து தளபதியை எச்சரித்தார்.

போர் முடிந்ததும், தென்னாட்டை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை அளக்கும் திட்டத்தை அரசிடம் அளித்தார். இதற்கென லண்டனில் செய்யப்பட்ட தியோடலைட் என்னும் கோணமானியின் எடை சுமார் அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். எனினும், கருவி அறிவியலுக்குரியது என்றறிந்து மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே பணி தொடங்கிற்று. முதலில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? எனவே சங்கிலியைக் கூடாரத்தால் நிழலிட்டு, வெப்பமானி வைத்து, அந்தச் சிறு நீட்சியையும் கணக்கிட்டார்.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். இது நாம் வகுப்பில் கற்பதே. அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என நாடெங்கும் வலைபோல் பின்னிச் சென்றார் லாம்டன். மங்களூரை அடைந்தபோது, தென்னாட்டின் அகலம் பழைய வரைபடங்களில் காட்டியதைவிடச் சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது.

சமவெளியில் குன்றுகள் இல்லாத இடங்களில் கோயில் கோபுரங்களே உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி வளைந்தது. வேறொருவராயின் பணியையே கைவிட்டிருப்பார். இவரோ ஆறு வாரங்கள் கூடாரத்தில் தங்கி, சிறிது சிறிதாக அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்.

1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், பணிநிமித்தம் சென்ற வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய முக்கோண வலை இமயம்வரை சென்று, உலகின் மிக உயர்ந்த சிகரத்தை அளக்கத் துணை செய்தது. இப்பணி கும்பினி ஆட்சிக்கு வலிமை சேர்த்தது என்பதும் உண்மை. சங்கிலி சுமந்து, கொடி பிடித்து, காடுகளில் காய்ச்சலால் மாண்ட நம் நாட்டுத் தொழிலாளர் பலரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்களையும் நன்றியுடன் நினைப்போம்.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கு 1940களில்தான் பெண்கள் முதன்முதலாகப் பட்டம் பெற்றனர். அவர்களுள் ஒருவரான பி. கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இன்று செயற்கைக்கோள்கள் அளவுக்குத் துணை நிற்கின்றன. புவித்தகவலியல், கட்டடக்கலை, நகரமைப்பு எனப் பல படிப்புகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் நில அளவர் பயிற்சியும் உண்டு.

அன்புத் தோழியரே! இத்துறைகளுக்கு வாயில் கணிதம். பெண்ணுக்கு ஏன் இந்த வெயில் வேலை என்று கேட்போர் இன்றும் உண்டு. ஒரு கண் பழுதாகியும் ஒரு நாட்டையே அளந்தவரை அவர்களுக்கு நினைவூட்டுவோம். முதல் அளவைச் சரியாக வைப்போம். மற்றவை தாமே சரியாக அமையும்.

— பத்தாம் வகுப்பு மாணவி