துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை
இரு பாஷைகளுக்கு நடுவே ஒரு வாழ்க்கை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையை 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். மின்சார நிலையத்துக்கு ரஷ்யாவின் உதவி வந்தது. பூமியைத் தோண்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முந்திரிக்காடாக இருந்த இடத்தில் நாலைந்து பாஷைகள் ஒரே தெருவில் ஒலிக்கலாயின. இப்படிப்பட்ட இடத்தில், ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் பிசகில்லாமல் எடுத்துச் சொல்லக் கூடியவனுக்குத் தனி மதிப்பு உண்டு.

இது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. நெய்வேலியிலிருந்து சற்று தூரத்தில், இதே கடலூர் ஜில்லாவில், பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் ஏறக்குறைய 300 வருஷங்களுக்கு முன் பிரெஞ்சுக் கும்பினிக்காகத் துணி வியாபாரத்தைக் கவனித்து வந்த ஓர் இளைஞர், பிற்காலத்தில் தென்னாட்டின் மிகப் பெரிய துபாஷியாக விளங்கினார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இரு பாஷை அறிந்தவன் என்பது பொருள்.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர் பிள்ளை. தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைமைத் தரகராக இருந்தவர். அவர் அழைப்பின் பேரில் குடும்பம் புதுச்சேரிக்குக் குடியேறியது.

மாமாவுக்கு நேர்ந்த கதி

1716-ல் கவர்னர் எபேர், நைனியப்பரைக் கைது செய்து கலகக் குற்றம் சாட்டினார். விசாரணை பிரெஞ்சு மொழியில் நடந்தது. நைனியப்பருக்கோ பிரெஞ்சு தெரியாது. வெள்ளைக்காரர்களோடு அவர் அதுகாறும் போர்ச்சுக்கீசில்தான் பேசிப் பழகியவர். அந்த பாஷை அதிகாரிகளுக்கும் தெரியும். ஆயினும் அதில் அவரைப் பேச விடவில்லை. அவரை விரோதித்த பாதிரிமார்களின் உபதேசியார் மகன் ஒருவன் நடுவே நின்று மொழிபெயர்த்தான். முடிவு என்ன? பொது இடத்தில் ஐம்பது கசையடி, மூன்று வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல். மறு வருஷமே சிறையில் மாண்டு போனார். அவர் மகன் குருவப்பா பாரீஸ் வரை சென்று முறையிட்ட பிறகு, நைனியப்பர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. போன உயிர் வரவில்லை.

அப்போது ஆனந்தரங்கருக்கு வயது ஏழு. தம் எஜமானர்களின் பாஷையை அவர் எவ்வளவு அக்கறையோடு கற்றிருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். தமிழ், தெலுங்கோடு போர்ச்சுக்கீசும் பிரெஞ்சும் அவருக்குக் கைவந்தன. 1726-ல் தகப்பனார் காலமானார். கவர்னர் லெனுவார் இளைஞரின் திறமையைக் கண்டு பரங்கிப்பேட்டைக் கிடங்கை ஒப்படைத்தார். துணி, பாக்கு, கப்பல் என்று வியாபாரம் பெருகியது. ஆனந்தப்புரவி என்ற சொந்தக் கப்பலும் ஓடியது.

டூப்ளேயும் சீமாட்டியும்

1742-ல் டூப்ளே கவர்னராக வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நவாபுகளின் தூதர்கள், வர்த்தகர்கள், நெசவாளர் தலைவர்கள் எல்லோருடைய பேச்சும் பிள்ளையின் நாவின் வழியாகவே அவர் காதுக்குப் போக வேண்டும். தலைமைத் துபாஷி கனகராய முதலியார் 1746-ல் இறந்தார். அந்தப் பதவி கிறிஸ்தவருக்கே உரியது என்று பாதிரிமார் வாதாடினார்கள். நீண்ட இழுபறிக்குப் பின் அது பிள்ளையைச் சேர்ந்தது.

ஆனால் டூப்ளேயின் மனைவி ழான் சீமாட்டி புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் அறிந்தவர். துபாஷியின் தயவு வேண்டாதவர். அவரே ஊராரோடு பேசினார், ஒற்றர்களை ஏவினார், செய்திகளைக் கணவரிடம் நேரே சொன்னார். கவர்னர் வீட்டுக்குள்ளேயே இன்னொரு துபாஷி முளைத்தால் பிள்ளை என்ன செய்வார்? அவருடைய நாட்குறிப்பில் அந்த அம்மாள் மீதுள்ள கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்தக் கசப்பில் பாதி உத்தியோக பயம் என்று சொன்னால் தவறாகாது.

அந்த நாட்குறிப்புதான் பிள்ளையின் பெரிய ஆஸ்தி. 1736 செப்டம்பர் 6-ல் தொடங்கினார். பகலெல்லாம் பல பாஷைகளில் பேசி வந்தவர், அன்றைய சங்கதிகளைத் தமிழிலேயே பதித்தார். பண்டிதர் தமிழ் அல்ல அது, கடைத்தெருத் தமிழ். கும்பினி, முசே, நவாபு என்று பிறமொழிச் சொற்கள் தடையின்றி வந்து விழுகின்றன.

பாஷை மாறிப் பேசுவதற்கு மூளை ஒரு விலை கொடுக்கிறது என்பது இக்கால ஆராய்ச்சி. 1999-ல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இருவர், எண்களைக் காட்டி, ஒரு தடவை தாய்மொழியிலும் மறு தடவை அரைகுறையாகத் தெரிந்த மொழியிலும் சொல்ல வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தாய்மொழிக்குத் திரும்பும்போதுதான் அதிகத் தாமதம் ஏற்பட்டது. அரைகுறை மொழியைப் பேசுவதற்குப் பலமான தாய்மொழியை அழுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அழுத்திய அதை மறுபடி எழுப்பச் சிறிது நேரம் பிடிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2004-ல் கோஸ்டா, சான்டெஸ்டெபன் என்பவர்கள் ஸ்பானிஷ், கட்டலான் இரண்டிலும் நல்ல தேர்ச்சி உள்ளவர்களைச் சோதித்தபோது இந்த ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. இரு பக்கமும் ஒரே அளவு தாமதம்தான். பிள்ளையை எந்தக் கருவியும் அளந்ததில்லை. கவர்னர் முன்னால் அவருக்குத் தடுமாற நேரம் இருந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பிள்ளையின் செல்வாக்கும் சாய்ந்தது. உடம்பும் கெட்டது. 1756-ல் பதவி போயிற்று. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், 1761 ஜனவரியில், ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னதாகக் கண்ணை மூடினார்.

பல ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்த நாட்குறிப்பை 1846-ல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துப் பிரதி எடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. வாழ்நாள் முழுதும் பிறர் பேச்சை மொழிபெயர்த்தவருடைய பேச்சை மொழிபெயர்க்க இருபத்து நாலு வருஷம் பிடித்தது.