வங்கி நிறுவிய வழக்கறிஞர்

கேடு கண்டு இரங்குவார் பலர். அக்கேட்டினின்றும் ஆக்கம் விளைப்பார் சிலர். அச்சிலருள் ஒருவராகிய வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பெரியார் 1863ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரிற் பிறந்தார். சட்டம் பயின்று, சென்னை வழக்கறிஞருள் முன்வரிசை பெற்றார்.

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள் சென்னையிற் பெயர்பெற்ற ஆர்பத்நட் கொம்பனி முறிந்தது. ஆங்கிலேயர் நடத்திய அந்நிறுவனத்தை நம்பி, உத்தியோகத்தரும் ஓய்வூதியரும் கைம்பெண்டிரும் தம் சேமிப்பை வைத்திருந்தனர். அப்பணம் கடல்கடந்த துணிகர முயற்சிகளில் இடப்பட்டு அழிந்தது. தலைவர் சேர் ஜோர்ஜ் ஆர்பத்நட் 1907இல் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். அத்தண்டனையால் ஏழைகளின் பொருள் மீண்டிலது.

ஈழநாடும் இத்தகைய துயரை அறியும். கோப்பிப் பயிர் அழிந்த காலத்து, 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, தேசாதிபதி கோர்டன் அவ்வங்கியின் நோட்டுக்களுக்கு அரசின் பெயராற் பிணை நின்றார். அதன்பின் அரசாங்கமே நோட்டு வெளியிடலாயிற்று. சென்னையில் அத்தகைய பிணை வாய்க்கவில்லை. கடன் கொடுத்தார் சார்பில் வாதாடிய ஐயர் வழக்கோடு அமைந்தாரல்லர். நம்மவர் பொருளை நம்மவரே காக்கும் வங்கியொன்று வேண்டுமெனத் துணிந்து, நகரத்தார் முதலியோரின் துணையை நாடிப் பெற்றார். 1907ஆம் ஆண்டு ஓகஸ்டு 15ஆம் நாள் இந்தியன் வங்கி பணி தொடங்கிற்று.

மயிலாப்பூர்ச் சமஸ்கிருதக் கல்லூரியும் ஆயுர்வேத வைத்தியசாலையும் அவர் முயற்சியால் எழுந்தவை. அரசியலில் மிதவாதியாயிருந்தும், தீவிரவாதியாகிய பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1909இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1911இல் ஆளுநரின் நிர்வாக சபையில் அமர்ந்து, அவ்வாண்டிறுதியிலேயே 48ஆம் வயதில் மறைந்தார்.

அவர் நிறுவிய வங்கி நிலைத்தது. 1932இல் கொழும்பிற் கிளை திறந்தது. 1969இல் இந்திய அரசின் உடைமையாயிற்று. 2020இல் அலகாபாத் வங்கி அதனோடு இணைக்கப்பட்டது. இடையே, 1990களில், அவ்வங்கியும் பெருநட்டமுற்றுப் பின்னரே தேறியது. முன்னோர் ஈட்டிவைத்த நன்மதிப்பைப் பின்வந்தோர் நாடோறும் காத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

சிக்கனத்திற்குப் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்தாராகிய நாம், சேர்த்த பொருளை யார்பால் ஒப்புவிக்கின்றோமென ஆராயவும் கற்றல் வேண்டும். நம் கல்லூரியிற் பயின்று, வங்கிகளிலும் கச்சேரிகளிலும் பிறர் பணத்துக்குக் கணக்கெழுதியோர் பலர். இன்று பயில்வோருட் பலரும் அப்பணி ஏற்பர். அக்கணக்கின் ஒவ்வோர் இலக்கத்தின் பின்னும் ஒரு குடும்பத்தின் உழைப்பு நிற்பதை அவர் மறவாதிருப்பாராக.