உடலுரமும் உள்ளத்துரமும்: வீரத்துறவி விவேகானந்தர்

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியை நம் கல்லூரியின் பழைய மாணவர் அனைவரும் நன்கறிவர். அவ்வீதி வழியே 1897ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாட் காலையில் ஒரு குதிரை வண்டி புறப்பட்டது. அதில் அமர்ந்திருந்த முப்பத்து நான்கு வயதுத் துறவியே சுவாமி விவேகானந்தர். முதல் நாள் கொழும்பிலிருந்து புகைவண்டியிற் கண்டியை அடைந்து, அங்கு வரவேற்பைப் பெற்று, அன்று மாலையே மாத்தளைக்கு வந்து இரவு தங்கினார். யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை இடப்படாத காலம் அது. ஆதலின் ஏறக்குறைய இருநூறு மைல் தூரத்தை அவர் வண்டியிலே கடக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் ஓரிரவு தங்கிச் சென்ற அப்பெரியாரின் ஞானத்தையும் நாவன்மையையும் போற்றுவோர் பலர். அவர் உடற்பயிற்சியில் வளர்ந்தவர் என்பதையும், இளைஞருக்கு முதலில் வேண்டுவது உரமே என்று வற்புறுத்தியவர் என்பதையும் நினைப்போர் சிலரே. இவ்விழா மலரில் அப்பகுதியை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

1863ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் கல்கத்தாவில், வழக்கறிஞர் விசுவநாத தத்தருக்கும் புவனேசுவரி அம்மையாருக்கும் மைந்தராய்ப் பிறந்தார். பிள்ளைப் பெயர் நரேந்திரநாதன். அடங்காத துடிப்புடைய அச்சிறுவர் தோழரைத் திரட்டித் தம் வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் ஒன்று அமைத்தார். வீட்டாரின் எதிர்ப்பால் அது நிலைக்கவில்லை. பின்னர் அயலில் நவகோபால் மித்திரர் நடத்திய பயிற்சிக் கூடத்திற் சேர்ந்தார். மல்யுத்தம், சிலம்பம், குத்துச்சண்டை, நீச்சல், படகு வலித்தல் ஆகியவற்றை ஆர்வத்தோடு பயின்றார். குத்துச்சண்டையிற் பரிசும் பெற்றார்.

அக்கூடத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. ஊஞ்சற் பயிற்சிக்குரிய கனத்த மரச்சட்டத்தைச் சிறுவர் தூக்கி நிறுத்த முயன்றபொழுது, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நின்ற ஆங்கில மாலுமி ஒருவர் உதவ முன்வந்தார். சட்டம் சரிந்து அவர் தலையில் விழவே, குருதி பெருக அவர் உணர்விழந்தார். அஞ்சிய பலர் ஓடிவிட்டனர். நரேந்திரரோ ஓரிரு தோழருடன் அங்கேயே நின்றார். தம் வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, முகத்தில் நீர் தெளித்து, அருகிலிருந்த பாடசாலைக்கு அவரைக் கொண்டு சென்று வைத்தியரை அழைத்தார். ஒரு வாரம் பணிவிடை செய்து, அம்மாலுமி நலம் பெற்றதும் நண்பரிடம் பொருள் திரட்டிக் கொடுத்து வழியனுப்பினார். பயிற்சியால் திரண்ட தோள் எதற்குரியது என்பதை அவர் அவ்வயதிலேயே உணர்ந்திருந்தார். இடர் வந்தவிடத்து ஓடாது நிற்கும் உள்ளம் வாய்க்காவிடின், உடல் வலிமையால் விளையும் பயன் யாது?

1881ஆம் ஆண்டில் இராமகிருட்டிண பரமகம்சரை அவர் முதன்முதற் கண்டார். 1884இல் தந்தையார் மறையவே குடும்பத்தை வறுமை வாட்டியது. பட்டதாரியாகிய அவர் வேலை தேடி வெறுங்காலுடன் வெயிலில் அலைந்தார். வீட்டில் உள்ள சிறிதளவு உணவு ஏனையோர்க்குப் போதாதெனக் கருதி, வெளியே விருந்துண்டதாகக் கூறிப் பட்டினி கிடந்த நாள்களும் உண்டு. பசியால் ஓய்ந்து தெருவோரத்துத் திண்ணையிற் சாய்ந்த அனுபவமும் அவருக்கு நேர்ந்தது. உணவில்லாத உடலில் உறுதி நிலைத்தல் எத்துணை அரிது என்பதை அவர் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். பிற்காலத்தில் ஏழையின் பசி தீர்த்தலைச் சமயப் பணியாகவே அவர் கொண்டமைக்கு இத்துன்பமும் ஒரு வித்தாகும்.

பரமகம்சர் 1886இல் மறைந்தபின் துறவு பூண்டு, பாரத நாட்டின் நெடும்பரப்பெங்கும் சுற்றி, 1892ஆம் ஆண்டு இறுதியிற் குமரிமுனையை அடைந்தார். அடுத்த ஆண்டு செத்தெம்பர் 11ஆம் நாள் சிக்காகோ சர்வமத மகாசபையில் உரையாற்றி உலகப் புகழ் பெற்றார். அதே கோடைகாலத்தில் அதே மாநகரின் அரங்கொன்றில், சாண்டோ என்னும் செருமானியப் பயில்வான் தம் தசைத் திரட்சியைக் காட்டி மக்களை வியப்பில் ஆழ்த்திக்கொண்டிருந்தார். பயில்வான்களின் பெயருக்கு முன்னே சாண்டோ என்னும் அடைமொழியை நம் தமிழ் மக்கள் சூட்டி மகிழ்ந்தது அவர் புகழாலேயாம். ஒருவர் உடலின் ஆற்றலைக் காட்டினார். மற்றவர் உள்ளத்தின் ஆற்றலை உரைத்தார். எனினும் விவேகானந்தர் இவ்விரண்டையும் பகையாகக் கருதியவரல்லர். நியூயோர்க் நகரில் அவர் நிகழ்த்திய இராசயோக வகுப்புரைகள் 1896இல் நூலாயின. நிமிர்ந்த இருக்கை, சீரான மூச்சு, அளவான உணவு, பின்னர் மன ஒருமைப்பாடு எனப் படிப்படியாக அவர் வழிகாட்டினார். உடலை ஒறுத்து வருத்துவோரும் அதனையே பேணிக் கிடப்போரும் அவ்வழியிற் செல்லுதல் இயலாது.

இனி மாத்தளையிலிருந்து புறப்பட்ட வண்டிக்கு மீள்வோம். தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் அதன் முன்சக்கரம் உடைந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் வழியோரத்திற் காத்திருந்து, பின்னர் மாட்டுவண்டியில் மெல்ல ஊர்ந்து, பல மணி நேரம் பிந்தியே அநுராதபுரத்தை அடைந்தனர். அங்கு வெள்ளரச மரநிழலில் அவர் பேசியபொழுது சிலர் ஆரவாரம் செய்து இடையூறு விளைத்தனர். கேட்டிருந்த இந்துக்கள் பொறுமை காக்குமாறு அறிவுரை கூறி அவர் அமைதியை நிலைநாட்டினார். குத்துச்சண்டையிற் பரிசு பெற்ற கை அடங்கியிருந்த காட்சி அது. வலியவன் பொறுப்பதே பொறுமையென மதிக்கப்படும். பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே பெருந்திரள் முன் வேதாந்தம் பற்றி உரையாற்றித் தாயகம் மீண்டார்.

அடுத்த மாதம் சென்னையிலே இளைஞரை நோக்கி அவர் கூறிய கருத்து பலரைத் திடுக்கிடச் செய்தது. பந்தாட்டத்தால் தசையை வலுப்படுத்திய இளைஞனே கீதையின் பொருளை நன்கு உணர வல்லவன் என்பது அதன் சாரம். கீதையைத் தாழ்த்துதல் அவர் கருத்தன்று. அது போர்க்களத்திலே பிறந்த நூல் என்பதை மறவாதிருத்தலே கருத்தாகும். அவ்வாண்டு மே மாதம் முதலாம் நாள் இராமகிருட்டிண சங்கம் தோன்றியது. மடத்தின் அன்றாட ஒழுங்கிலே தியானத்துக்கும் கல்விக்கும் பக்கத்தில் உடற்பயிற்சிக்கும் அவர் இடம் வகுத்தார். 1898இற் கல்கத்தாவிற் கொள்ளைநோய் பரவியபொழுது, வேண்டுமாயின் மடத்திற்கென வாங்கிய நிலத்தையும் விற்று மக்களைக் காக்க அவர் துணிந்தார்.

இவ்வளவு உரம் பேசியவரின் உடல் நோயற்றதாய் இருந்ததோவெனின், இல்லை. நீரிழிவும் ஈளையும் அவரை வருத்தின. உடற்பயிற்சியைப் போற்றியவரே நோயாளியானார் என்று நகைப்போர், உடல் நலிந்தபின்னும் நலியாத மற்றொன்றைக் காணத் தவறியவராவர். 1902ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், அவர் வாழ்வின் இறுதி நாள். அன்று காலையில் நெடுநேரம் தியானித்தார். பகலில் இளந்துறவியர்க்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வடமொழி இலக்கணம் கற்பித்தார். மாலையில் இரண்டு மைல் தூரம் உலாவினார். இரவு உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

இலக்கண ஆசிரியராகிய நம்மை அவ்விறுதி நாள் நாணச் செய்கின்றது. தேர்வு நெருங்கும் காலத்தில் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டுப் பெற்று, புணர்ச்சி விதிகளை ஒப்புவிக்கச் செய்த குற்றம் நம்மிடத்தும் உண்டு. சாளரத்தினூடே மைதானத்தை நோக்கிய மாணவரை அதட்டியதும் உண்டு. மூன்று மணி நேரம் இலக்கணம் கற்பித்த அப்பெருமகனார் மாலை உலாவை விட்டாரல்லர். நாம் மாணவரின் ஆட்டத்தைப் பறித்து இலக்கணத்தை வளர்க்க எண்ணினோம். இரண்டும் வளர்ந்தபாடில்லை.

தோட்டங்களிலிருந்து மலைப்பாதையில் நடந்து வரும் நம் மாணவரின் கால்கள் வலியனவே. ஆடுதற்கு நேரமும், சிலருக்குக் காலை உணவுமே குறைவு. மைதானத்தைச் சுற்றி ஓடுமாறு ஒரு மாணவனைப் பணிக்கும் முன், அவன் உண்டானா என வினவுதல் ஆசிரியர் கடன். அன்று பசித்திருந்த நரேந்திரரை அவ்வாறு வினவுவார் அருகில் இருந்திலர்.

பழைய மாணவர்களே, விழா ஆண்டில் கட்டடம் எழுப்ப விரும்புதல் இயல்பு. அதனோடு, மாலை நேரத்தில் மைதானம் வெறுமையாய்க் கிடவாதிருக்கவும், பசியோடு எந்த மாணவனும் அதில் இறங்காதிருக்கவும் வழி காணுங்கள். தேர்வுக் காலத்திலும் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்காதிருக்க நாம் உறுதி பூண்டுள்ளோம்.