தம்பியைத் தந்த டாக்டர் சுப்பாராவ்

சித்தூரில் என் தம்பிக்கு ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது. திருப்பதிக்கு அழைத்து வந்து மருத்துவம் செய்தோம். இரண்டாண்டுக்கு மேல் வாரம் ஒருநாள் அவன் விழுங்கிய மஞ்சள் மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். இன்று அவன் பள்ளியில் பந்தாடுகிறான். அம்மாத்திரையின் வரலாற்றைத் தேடியபோதுதான் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெருமகனாரை அறிந்தேன்.

அவர் 1895 சனவரி 12-ஆம் நாள் கோதாவரிக் கரை நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, சென்னைக்கு வந்து மூன்றாம் முறை வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார். ஸ்புரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோயிற்று.

முப்பது வயதுக்கு முன்பே பாஸ்டன் சென்றார். இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. 1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1945-இல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அது ஸ்புரூவுக்கும் மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்கப் பிந்தி வந்த மருந்து!

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது ஒரு புரதம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஃபோலிக் அமிலம் போன்றே தோன்றும் பொருள் ஒன்று அப்புரதத்தைப் பற்றிக்கொண்டால், பூட்டில் சிக்கிய போலிச் சாவிபோல வேலையை நிறுத்திவிடும். கட்டின்றிப் பெருகும் நோயணு பிரிய இயலாது.

அவர் குழு அமைத்த அத்தகைய பொருளான அமினாப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேர் நலங்கண்டனர். அந்நலம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அடைத்த கதவு திறந்தது. அமினாப்டெரினின் உடன்பிறப்பே என் தம்பியின் மாத்திரை.

அம்முடிவு 1948 சூனில் வெளிவந்தது. ஆகஸ்டில், 53-ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் மறைந்தார்.

தெலுங்கு மகன் தமிழ்நாட்டில் கற்றார். தமிழராகிய நாம் தெலுங்கு மண்ணில் கற்கிறோம். தேர்வில் தவறிய நண்பனே, அவரும் தவறியவரே! எழுந்திரு, எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவரின் தம்பி உனக்காகக் காத்திருக்கலாம்.