ரெட் கிரேஞ்ச்

ஹரோல்ட் எட்வர்ட் "ரெட்" கிரேஞ்ச் (ஜூன் 13, 1903 – ஜனவரி 28, 1991) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் ஆவார். பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லையை நோக்கி ஓடும் ஹாஃப்பேக் நிலையில் ஆடியவர். இலினொய் பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழ்பெற்ற இவர், தொழில்முறை ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய இரு அணிகளுக்கு மட்டுமே விளையாடினார். கல்லூரி ஆட்டமே உயர்ந்தது, பணம் பெற்று ஆடுவது இழுக்கு எனப் பலரும் கருதிய காலம் அது. அக்காலத்தில் இவர் தொழில்முறை ஆட்டத்திற்கு வந்தமை, 1920 இல் தொடங்கப்பட்ட என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்துச் சங்கத்தின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

இளமைக்காலம்

கிரேஞ்ச் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை லைல் கிரேஞ்ச் மரம் வெட்டும் முகாம்களில் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். கிரேஞ்சுக்கு 5 வயதானபோது தாயார் இறந்தார். பின்னர் குடும்பம், தந்தையின் உறவினர்கள் வாழ்ந்த இலினொய் மாநிலத்தின் வீட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு தந்தை நகரக் காவல்துறையின் தலைவரானார். செந்நிறத் தலைமுடி காரணமாகக் கிரேஞ்சுக்கு "ரெட்" (சிவப்பு) என்னும் பெயர் ஏற்பட்டது.

வீட்டன் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, அடிபந்தாட்டம், தடகளம் ஆகிய நான்கிலும் சிறந்து விளங்கினார். பள்ளிக் கால்பந்து ஆட்டங்களில் 75 டச் டவுன்கள் பெற்றார். (பந்தை எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது டச் டவுன் எனப்படும். இதற்கு 6 புள்ளிகள்.) குளிர்பதனப் பெட்டிகள் பரவலாகாத அந்நாளில், கோடை விடுமுறைகளில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து சென்று கொடுக்கும் வேலை பார்த்தார். இதனால் "வீட்டனின் பனிக்கட்டிக்காரர்" என்றும் அழைக்கப்பட்டார்.

கல்லூரி ஆட்டம்

இலினொய் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பாப் சப்கியின் கீழ் 77 ஆம் எண் சட்டையுடன் ஆடினார். 1923 இல் இவர் ஆடிய முதல் பருவத்தில் அணி தோல்வியே காணவில்லை. 1924 அக்டோபர் 18 அன்று, பல்கலைக்கழகத்தின் நினைவு விளையாட்டரங்கத் திறப்பு விழா ஆட்டத்தில் மிச்சிகன் அணியை இலினொய் எதிர்கொண்டது. தொடக்க உதையில் வந்த பந்தைப் பிடித்த கிரேஞ்ச் 95 கெஜம் ஓடி டச் டவுன் பெற்றார். தொடர்ந்து 67, 56, 44 கெஜ ஓட்டங்களில் மேலும் மூன்று பெற்றார். இந்நான்கும் முதல் 12 நிமிடங்களுக்குள் நிகழ்ந்தவை. பின்னர் ஐந்தாவது டச் டவுனையும் பெற்றதோடு, ஆறாவதற்குப் பந்தை எறிந்தும் கொடுத்தார். இலினொய் 39–14 என வென்றது. பிடிபடாமல் நழுவி ஓடும் திறனால் இவர் "பாய்ந்தோடும் ஆவி" என்று பத்திரிகைகளால் குறிப்பிடப்பட்டார். 1925 அக்டோபர் 5 அன்று டைம் இதழின் அட்டையில் இவரது படம் வெளியானது.

தொழில்முறை ஆட்டத்தில் நுழைவு

1925 நவம்பர் 21 அன்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தமது இறுதிக் கல்லூரி ஆட்டத்தை ஆடினார். அதன்பின் பட்டப்படிப்பை முடிக்காமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தார். பயிற்சியாளர் சப்கி இம்முடிவைக் கடுமையாக எதிர்த்தார். இருவரது உறவிலும் விரிசல் ஏற்பட்டது. திரையரங்கு உரிமையாளரான சி. சி. பைல் கிரேஞ்சின் முகவராகி, பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலசுடன் ஒப்பந்தம் பேசினார். நுழைவுக் கட்டண வருவாயில் வீரருக்குப் பங்கு என்பது இதன் முக்கியக் கூறாகும்.

ஐந்து நாட்களுக்குப் பின் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்கு எதிராக இவர் ஆடிய முதல் தொழில்முறை ஆட்டத்திற்கு ஏறத்தாழ 36,000 பேர் வந்தனர். சில ஆயிரம் பேரே தொழில்முறை ஆட்டங்களுக்கு வந்த காலத்தில் இது பெருந்தொகையாகும். டிசம்பர் 6 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்திற்கு 65,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். முதல் ஆண்டிலேயே நட்டத்தில் இருந்த ஜயன்ட்ஸ் அணியை இவ்வருவாய் காப்பாற்றியது. 12 நாட்களில் 8 ஆட்டங்கள் என்னும் கடுமையான அட்டவணையால் கிரேஞ்சின் கையில் காயம் ஏற்பட்டது. ஆயினும் 1926 ஜனவரி இறுதிவரை தென்பகுதியிலும் மேற்குக் கரையிலும் சுற்றுப்பயணம் தொடர்ந்தது.

இந்நிகழ்வு கல்லூரிகளின் எதிர்ப்பைத் தூண்டியது. இதையடுத்து, ஒரு மாணவரின் வகுப்பு பட்டம் பெறும் காலம்வரை அவரை எந்த அணியும் சேர்க்கக்கூடாது என என்.எஃப்.எல். விதி வகுத்தது.

நியூயார்க் யாங்கீஸ்

1926 பருவத்திற்கு பேர்ஸ் அணியின் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் எனப் பைல் கேட்டார். ஹாலஸ் மறுத்தார். பின்னர் நியூயார்க்கில் புதிய அணி அமைக்கப் பைல் முயன்றபோது, ஜயன்ட்ஸ் உரிமையாளர் டிம் மாரா அதை எதிர்த்தார். எனவே பைல் 9 அணிகளைக் கொண்ட அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் என்னும் போட்டி அமைப்பைத் தொடங்கினார். அதில் கிரேஞ்ச் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடினார். (இது அதே பெயர் கொண்ட அடிபந்தாட்ட அணி அன்று.) அவ்வமைப்பு ஓராண்டிலேயே கலைந்தது. யாங்கீஸ் அணி 1927 இல் என்.எஃப்.எல்.லில் சேர்க்கப்பட்டது.

1927 அக்டோபர் 16 அன்று, தமது பழைய அணியான பேர்ஸ் அணிக்கு எதிராக சிகாகோவில் ஆடியபோது கிரேஞ்சின் முழங்கால் பலத்த காயமடைந்தது. 1928 பருவம் முழுவதும் இவர் ஆடவில்லை. சட்டென்று திசை மாற்றி ஓடும் ஆற்றலை இக்காயத்துக்குப் பின் இவர் மீண்டும் பெறவில்லை. யாங்கீஸ் அணியும் 1928 பருவத்தோடு மறைந்தது.

மீண்டும் சிகாகோ பேர்ஸ்

1929 இல் பேர்ஸ் அணிக்குத் திரும்பிய கிரேஞ்ச், 1934 வரை ஆடினார். வீரர்கள் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடிய அக்காலத்தில், ஓட்டத்தில் இழந்ததை இவர் தடுப்பாட்டத்தில் ஈடுசெய்தார். 1932 வாகையாளரைத் தீர்மானித்த ஆட்டம், கடும் பனி காரணமாக சிகாகோ ஸ்டேடியம் என்னும் உள்ளரங்கில், 80 கெஜ நீளமே உடைய களத்தில் நடைபெற்றது. பிராங்கோ நகுர்ஸ்கி எறிந்த பந்தைப் பிடித்துக் கிரேஞ்ச் பெற்ற டச் டவுனே போர்ட்ஸ்மத் ஸ்பார்டன்ஸ் அணிக்கு எதிரான 9–0 வெற்றிக்கு வழிவகுத்தது.

1933 இறுதி ஆட்டத்தில் பேர்ஸ் 23–21 என முன்னிலையில் இருந்தபோது, ஜயன்ட்ஸ் வீரர் டேல் பர்னட் கடைசி ஆட்ட நகர்வில் பந்துடன் ஓடி வந்தார். அவருக்கு அருகே பந்தைப் பெற மற்றொரு வீரரும் ஆயத்தமாக இருந்தார். கிரேஞ்ச் கால்களைப் பிடிக்காமல், பந்தோடு சேர்த்து பர்னட்டின் கைகளையும் கட்டிப்பிடித்து வீழ்த்தினார். பந்தை மற்றவருக்குத் தள்ள இயலாமல் போகவே, பேர்ஸ் வாகை சூடியது. ஓட்டத்தால் புகழ்பெற்ற இவரது தொழில்முறை வாழ்வில் பெரிதும் நினைவுகூரப்படும் செயல், எதிரணி வீரரைத் தடுத்த இச்செயலே ஆகும்.

திரைப்படங்கள்

ஒன் மினிட் டு ப்ளே (1926), எ ரேசிங் ரோமியோ (1927) ஆகிய படங்களிலும், த கேலப்பிங் கோஸ்ட் (1931) என்னும் 12 பகுதித் தொடர்படத்திலும் நடித்துள்ளார்.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின் பேர்ஸ் அணியின் துணைப் பயிற்சியாளராகவும், காப்பீட்டுத் துறையிலும், வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் பணியாற்றினார். 1941 இல் மார்கரெட் ஹேசல்பெர்க்கை மணந்தார். பட்டம் பெறாமல் விலகிய அதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவுக்கு 1950 இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1951 இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்திலும், 1963 இல் தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபத்திலும் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றார். இவரது 77 ஆம் எண்ணை இலினொய் பல்கலைக்கழகமும் சிகாகோ பேர்ஸ் அணியும் வேறெவருக்கும் வழங்குவதில்லை.

கிரேஞ்ச் 1991 ஜனவரி 28 அன்று, தமது 87 ஆம் வயதில், புளோரிடாவின் லேக் வேல்ஸ் நகரில் காலமானார். 2009 இல் இலினொய் பல்கலைக்கழக நினைவு விளையாட்டரங்கில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.