பாரதியின் பாட்டு நம் கைப்பேசிக்கு வந்த வழி

என்னிடம் தமிழ் இலக்கியம் படிக்கும் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி பாரதியார் பாட்டு ஒன்றைப் பாடி யூடியூபில் ஏற்றினாள். இரண்டு நாளில் காப்புரிமை அறிவிப்பு வந்துவிட்டது. 1921இல் மறைந்தவருக்கு இன்னுமா காப்புரிமை சார் என்று கேட்டாள்.

பதில் சின்னதுதான். பாட்டின் சொற்களுக்கு இன்று எவரும் உரிமை கொண்டாட முடியாது. அவள் பின்னணியில் ஓடவிட்ட இசை ஒரு திரைப்படத்தினுடையது. அந்த ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்தின் சொத்து. யூடியூபின் கணினி ஒலியின் தடத்தை ஒப்பிட்டுப் பார்த்து அறிவிப்பை அனுப்பியிருக்கிறது. தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு சொந்த மெட்டில் பாடியிருந்தால் சிக்கல் இல்லை.

ஆனால் அந்தச் சொற்கள் எல்லாருக்கும் பொதுவானது எப்படி என்பது பெரிய கதை. காலம் கடந்ததால் தானாக நடந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி நடக்கவில்லை. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை படைப்புக்குக் காப்பு உண்டு என்பதே அன்றைய சட்டம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. அந்தக் கணக்கில் பாரதியின் பாட்டு 1971 முடியும்வரை காத்திருந்திருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே சிலர் போராடி அதை விடுவித்தார்கள். கோப்புப் பகிர்வு, திருட்டுப் பதிவிறக்கம், தனியுரிமை என்று இன்று நாம் பேசும் எல்லாமே இந்த ஒருவர் வாழ்க்கையில் முன்பே நடந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

சுப்பிரமணியன் 1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோரு வயதில் அரண்மனைப் புலவர்கள் அவருக்குப் பாரதி என்று பட்டம் கொடுத்தார்கள். 1897இல் செல்லம்மாவுடன் திருமணம். மறுஆண்டு தந்தை மறைந்தார். பிறகு காசி வாழ்க்கை, திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் வேலை, மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர் பணி. 1904 இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் நாளேட்டில் துணையாசிரியராகச் சென்னைக்கு வந்தார். இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை, இங்கே விரிக்கவில்லை.

1907இல் நடந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாரதி காங்கிரசின் தீவிரவாதப் பிரிவைச் சேர்ந்தவர். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. அரசியலில் எதிர் அணி. இளைஞர் பாடிய தேசப் பாடல்களைக் கேட்டு உருகிப்போன அவர், சில பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். கருத்தில் ஒத்துப்போகாத ஒருவர் பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காகவே அதைப் பகிர்ந்தார். இன்று புலனக் குழுக்களில் நமக்குப் பிடித்த கட்சியின் காணொளியை மட்டுமே தள்ளிவிடும் நமக்கு இது கொஞ்சம் புதுமையாக இருக்கும். பாரதியின் பாட்டு அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் மக்களிடம் போனது அதுவே முதல் முறை. அதில் அவருக்கு வருமானம் ஏதும் இல்லை.

அந்த நேரத்தில் அவர் இந்தியா என்ற வார இதழை நடத்திக்கொண்டிருந்தார். தமிழ் இதழ்களில் அரசியல் கேலிச்சித்திரத்தைக் கொண்டுவந்தது அதுதான். 1908இல் அரசு பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் இருந்த சீனிவாசனுக்குச் சிறை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அச்சகமும் பின்னாலேயே போனது. இந்தியா அங்கிருந்து வெளிவந்தது.

நமக்குப் பழக்கமான ஒன்று இதில் இருக்கிறது. ஒரு நாட்டில் முடக்கப்படும் இணையத்தளம் வேறொரு நாட்டின் வழங்கியிலிருந்து மறுபடி தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு வழங்கி புதுச்சேரி, இணையம் தபால். பிரிட்டிஷ் அரசு தபாலைப் பிடித்தது. புதுச்சேரியில் அச்சாகும் இதழ்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டது. சந்தாதாரருக்கு இதழ் சேராது; சந்தாப் பணமும் வராது. 1910இல் இந்தியா நின்றுபோனது. மறு ஆண்டு அவருடைய கனவு, ஆறில் ஒரு பங்கு ஆகிய இரு நூல்களுக்கும் தடை வந்தது.

அதன் பிறகு கண்காணிப்பு. 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதும் புதுச்சேரியில் இருந்த தமிழர்கள்மீது சந்தேகம் குவிந்தது. வீதியில் ஒற்றர்கள் நின்றார்கள். யார் வருகிறார், யார் போகிறார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் குறிப்பு எழுதினார்கள். கடிதங்கள் பிரிக்கப்பட்டன. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் குற்றம் சாட்டத்தக்க தாள்களை ஒரு ஜாடியில் அடைத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் எடுக்கும்போது அது அகப்பட்டது. அவர்களே பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்ததால் தப்பித்தார்கள். ஒருவருடைய கணினியில் அவர் அறியாமல் கோப்பை நுழைத்துவிட்டுப் பிறகு சோதனை போடுவது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று.

பாரதி சும்மா இருக்கவில்லை. தி இந்து நாளேட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதி, தமக்கும் நண்பர்களுக்கும் நேரும் தொல்லையை ஊரறியச் செய்தார். தம்மை மறைத்துக்கொள்வதைவிட, தம்மைக் கண்காணிப்பவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது பயன் தரும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 முதல் நடப்பில் உள்ளது. வணிக நிறுவனங்கள் நம் விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று அது சொல்கிறது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. பாரதியின் கதையில் கடிதத்தைப் பிரித்தது அரசு. அந்தச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

ஒற்றர்கள் எழுதிவைத்த குறிப்புகளே இன்று ஆய்வாளர்களுக்குப் பாரதியின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஆவணமாக உதவுகின்றன என்பது ஒரு விந்தை. அதற்காக அந்த ஒற்றர்களுக்கு நன்றி சொல்ல என் மனம் வரவில்லை.

இந்தப் பத்தாண்டில்தான் அவர் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் எழுதினார். கண்ணன் பாட்டைப் பரலி சு. நெல்லையப்பர் 1917இல் வெளியிட்டார். அதே 1917இல் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நடப்பட்டது. கடல் கடந்து தோட்டங்களில் உழைத்த தமிழரை பாரதி மறக்கவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினார். அந்தப் பாட்டை எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விளக்கவுரை அதிகம் தேவைப்படுவதில்லை. (ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.)

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கைது. கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல். எழுதுவதை வெளியிடும்முன் காவல்துறைக்குக் காட்ட வேண்டும் என்பது விடுதலைக்கு ஒரு நிபந்தனை. செல்லம்மாவின் ஊரான கடையத்தில் வறுமையோடு இருந்தார்.

அங்கே அவர் போட்ட திட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. 1920இல் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்தையெல்லாம் 40 நூல்களாகப் பிரிப்பது; ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிடுவது; மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு மலிவாகப் போய்ச் சேர வேண்டும். முதலுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கடனாகக் கேட்டார். எழுத்து எல்லாரிடமும் போக வேண்டும், எழுதியவனும் பிழைக்க வேண்டும் என்ற இரண்டுமே அந்தத் திட்டத்தில் இருந்தன. பணம் திரளவில்லை. மறுபடி சுதேசமித்திரனுக்குப் போனார். திருவல்லிக்கேணிக் கோவில் யானை தாக்கியதும், பின் வயிற்றுநோய் வந்ததும் உங்களுக்குத் தெரியும். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து மறைந்தார். வயது 39கூட நிறையவில்லை.

செல்லம்மா கையில் இருந்த சொத்து கையெழுத்துப் பிரதிகள்தான். பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் அவரே பதிப்பிக்கத் தொடங்கினார், நிலைக்கவில்லை. பாரதியின் தம்பி சி. விசுவநாதன் பாரதி பிரசுராலயம் வழியாக நூல்களை வெளியிட்டார். 1931இல் அவர் பதிப்புரிமையை 4,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். இடையில் 1928இல் பர்மாவிலும் பின் சென்னை மாகாணத்திலும் பாட்டுகளுக்குத் தடை வந்து, போலீஸ் நூல்களை அள்ளிச் சென்றது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கினார்.

இதற்குள் ஒலித்தட்டு வந்துவிட்டது, அடுத்துப் பேசும்படம். புதுத் தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் பழைய உரிமை துண்டாகும். பாரதியின் நூல் உரிமை ஓர் இடத்தில் இருக்க, ஒலித்தட்டு உரிமை ஜெய்சிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்ப செட்டியார் வாங்கினார். 1947இல் ஏவிஎம்மின் நாம் இருவர் படத்தில் பாரதி பாட்டுகள் முழங்கின. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய அந்தப் படத்தில் கேட்டுத்தான் பாரதியை மனப்பாடம் செய்தார். செட்டியார் அந்த உரிமையை வாங்கிப் படமாக்கியிராவிட்டால் பாட்டிக்குப் பாரதி கிடைத்திருப்பாரா என்பதும் நியாயமான கேள்வி.

1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தினார்கள். ஏவிஎம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. அப்போதுதான் மக்களுக்கு உறைத்தது. விடுதலைப் போராட்டத்தில் தெருத்தெருவாகப் பாடிய பாட்டை இனி ஒருவரிடம் அனுமதி கேட்டா பாடுவது? எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். வ.ரா. போன்றோர் அதில் முன்நின்றார்கள்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. நாரண துரைக்கண்ணன் உள்ளிட்ட சிலர் திருநெல்வேலிக்குப் போய் செல்லம்மாவைப் பார்த்தார்கள். பாட்டு பொதுச் சொத்தாக வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு நிறுத்தவில்லை. அந்தப் பாட்டுக்காகப் பட்டினி கிடந்த பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். அவர் சம்மதித்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு விசுவநாதனிடம் பேசியது, செட்டியாரிடமும் பேசியது. செட்டியார் ஒரு காசும் வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் உரிமை அரசிடம் வந்தது. செல்லம்மாவுக்கும் மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபாய் அரசு கொடுத்தது. ஐம்பதுகளின் நடுவில், யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம் என்று அரசு திறந்துவிட்டது. செல்லம்மா 1955இல் மறைந்தார். இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார்; கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

1999இல் நாப்ஸ்டர் வந்து உலகமே பாட்டுக் கோப்புகளை இலவசமாக மாற்றிக்கொண்டபோதும், பிறகு தமிழ்ப் படங்கள் வெளியான அன்றே இணையத்தில் திருட்டுத்தனமாக ஏறியபோதும், பகிர்வு மக்கள் உரிமை என்று வாதிட்டவர்கள் உண்டு. பாரதி விடுதலையை அதற்கு முன்னுதாரணமாகச் சொல்வோரையும் நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே உரியவரைத் தேடிப்போய்க் கேட்டார்கள், பணம் கொடுத்தார்கள், ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். தொலைவழிக் குழுவில் நேற்று வெளியான நாவலின் பிடிஎஃப் கோப்பைத் தள்ளிவிடும்போது இதில் எதுவும் நடப்பதில்லை.

திறந்துவிட்டதன் பலனை நாம் அனுபவிக்கிறோம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பாரதி கவிதைகள் அதில் உள்ளன. பத்தாங் பெர்ஜுந்தாய் மாணவனும் ஒரு காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், சட்டப்படி.

சிக்கலும் உண்டு. யாரும் அச்சிடலாம் என்றதும் மலிவுப் பதிப்புகள் குவிந்தன, பிழைகளும் குவிந்தன. ஒரே பாட்டு மூன்று பதிப்பில் மூன்று விதமாக இருப்பதை வகுப்பில் காட்டியிருக்கிறேன். எந்தச் சொல் பாரதி எழுதியது என்று கண்டுபிடிக்கப் பழைய இதழ்களையெல்லாம் புரட்ட வேண்டும். சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டார். அவர் கால வரிசையில் தொகுத்த பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக 2024 டிசம்பர் 11ஆம் நாள் வெளிவந்தன. பாரதியின் சொல் பொது. அதைச் சரிபார்த்துக் கொடுத்த அந்தத் தொகுப்பாசிரியரின் குறிப்பும் உழைப்பும்? நூலகத்தில் அந்தத் தொகுதிகளைப் பார்த்தவுடன் கைப்பேசியில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பலாமா என்று என் மாணவர் இருவர் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை.